பாட முடியாத வேகம்

அந்தக் கட்டில் கடையில் அவனுக்குச் சாட்சி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஏதாவது விண்ணப்பம் எழுதும்போது மட்டும் அதை எடுத்துத் தூசி தட்டுவான்.

பெயர் வந்த கதை சின்னக் கதைதான். கட்டில் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். தட்டிப் பார்ப்பார்கள், குனிந்து பார்ப்பார்கள், கடைசியில் "தாங்குமா?" என்று இழுப்பார்கள். முதலாளி அதற்கு வாயால் பதில் சொல்ல மாட்டார். உள்பக்கம் திரும்பி, "சாட்சி!" என்று ஒரு குரல் கொடுப்பார். இருபத்து நான்கு வயதும் நூற்றுப் பன்னிரண்டு கிலோவுமாக அவன் வருவான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் உட்காருவான். பிறகு படுப்பான். இடப்பக்கம் ஒரு புரளல், வலப்பக்கம் ஒரு புரளல். எழுந்து நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு குலுக்கு. கட்டில் வாயைத் திறக்காது. "போதுங்களா?" என்பான். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள், விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சேர்ந்த புதிதில் அவன் கட்டில் பூட்டுகிறவன். ஸ்பானரும் நட்டும் போல்ட்டுமாக வீடு வீடாக மாடியேறி இறங்கியவன்தான். அவன் அருமை தெரிந்த நாளோடு முதலாளி அதை நிறுத்திவிட்டார். "நீ அலைஞ்சு இளைச்சுட்டா கடை என்னடா ஆகிறது?" என்று ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஐந்து மணிக்கு டீயும் மூன்று பன்னும் ஏற்பாடு செய்தார். படுத்து எழுவதையே வேலையாக வைத்திருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

வினை அப்பாவோடு ரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று வந்தது. அப்பா முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சர்க்கரை வியாதி அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்ட பிறகு துணையில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. ஒருவர் பரிசோதித்துக்கொண்டால் உடன் வருபவருக்கு இலவசம் என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்தது. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று இவனும் கையை நீட்டினான்.

டாக்டரம்மா அப்பாவின் தாளைப் பார்த்து, "பரவாயில்லையே, கட்டுப்பாட்டுல வச்சிருக்கீங்க" என்றார். மகனின் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சர்க்கரை வியாதின்னு இன்னும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா வாசப்படியில வந்து நிக்குது. ரத்தத்துல கொழுப்பும் ஏறிக் கெடக்கு. ஆறு மாசம் தர்றேன். அதுக்குள்ள திருப்பி அனுப்பப் பாருங்க."

"ஓடணுமா டாக்டர்?"

"ஓட வேண்டாம். வேகமா நடங்க. தினம் நாப்பது நிமிஷம், வாரத்துல அஞ்சு நாள். எவ்வளவு வேகம்னா, நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது."

"எனக்கு உக்காந்துகிட்டே பாட வராதே டாக்டர்."

"ராகத்தை யாரு கேட்டா? மூச்சு இழுத்து ரெண்டு வரி வருதான்னு பாருங்க. வந்தா வேகம் பத்தலைன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா ஆட்டோவில் மகனுடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நாளையிலேர்ந்து நான் போன் பண்றேன்" என்றார். அவன் பயந்துபோயிருந்தான். அப்பாவின் காலுக்குத் தினமும் கட்டுப் போட்டுவிட்டவன் அவன்தான்.

பன் நேரம் நடை நேரம் ஆயிற்று. ஐந்து மணிக்குக் கடையிலிருந்து புறப்பட்டு, மருந்துக் கடையைத் தாண்டி, பள்ளி மைதானத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். ஐந்தேகாலுக்குப் போன் அடிக்கும்.

"எங்க இருக்க?"

"மைதானம்... தாண்டிட்டேன்பா."

"ம். பாடு."

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, ஒரு குண்டுப் பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வரி பாடுவான். நாலு சொல்லில் மூச்சு முட்டினால், "சரி, போ" என்று வைத்துவிடுவார். இரண்டு வரி முழுசாக வந்துவிட்டால் போச்சு. "ஏமாத்துற. வேகமா நட!" அப்பாவிடம் மூச்சு விஷயத்தில் யாரும் வாலாட்ட முடியாது. டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும், "இப்பதான் சார் ஓடி வந்து ஏறினேன்" என்று இரைப்பது வழக்கம். நிஜமாக ஓடி வந்தவன் யார், நடிக்கிறவன் யார் என்று மூச்சை வைத்தே பிடித்தவர் அவர்.

விஷயம் தெரிந்ததும் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு எடை மெஷினை வாங்கி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமைதோறும் சாட்சி அதில் ஏறுவான், முதலாளி முட்டி போட்டு முள்ளைப் பார்ப்பார். நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த வாரம் நூற்றுப் பதினொன்றரை, முதலாளிக்கு முகம் செத்துவிடும். அதற்கடுத்த வாரம் மறுபடி நூற்றுப் பன்னிரண்டு. வீட்டில் அம்மா நேர் எதிர்.

"மூணு மாசமா நடக்குற, உடம்பு அப்படியே இருக்கு. செருப்புதான் தேஞ்சிருக்கு!"

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை முள் நூற்றுப் பன்னிரண்டரையில் நின்றது. முதலாளி சந்தோஷம் தாங்காமல் கடைக்கே கேக் வாங்கினார். அந்தக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சி நின்ற நிலையைப் பார்த்திருந்தால் யாருக்கும் பாவமாக இருந்திருக்கும். மழையிலும் வெயிலிலும் நடந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் ஆகிவிட்டதே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு அவன் வெளியே போகவில்லை. கடையின் பின்பக்கம் தேக்குக் கட்டிலில் போய்ப் படுத்தான். போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"மைதா... னம்பா." நன்றாக இரைத்தான்.

"பாடு."

இரண்டு சொல் பாடி, இருமி, நிறுத்தினான். அப்பா அந்த இரைப்பு அடங்கும்வரை கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்தார். இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியம். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கட்டில், அதே இரைப்பு. வெள்ளிக்கிழமை அப்பா பாடச் சொல்லக்கூட இல்லை. மூச்சை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து வாசலில் முதலாளியின் குரல் கேட்டது. "வாங்க சார், வாங்க. கட்டிலா, மெத்தையா?"

"கட்டில்ல படுத்திருக்கிறவன்."

சாட்சி துள்ளி எழுந்தான். சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டியிருக்க, கைத்தடியை ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். தனியாக வந்திருந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவனைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டி, "டிக்கெட்?" என்றார்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பத்து நிமிஷத்துல வர்ற தூரம். எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. எட்டு விரலோட நடந்தா அவ்வளவுதான்டா வேகம்."

"எடை குறையவே இல்லப்பா..."

"எடையை நான் என்னிக்காவது கேட்டேனா? உங்க அம்மா கேப்பா, உன் முதலாளி கேப்பாரு. நான் மூச்சைத்தான கேட்டேன்? எனக்கு எட்டு விரல் இருக்கு. உனக்குப் பத்து இருக்கு. அந்தப் பத்தும் உன்கிட்டயே இருக்கணும்."

சாட்சி செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தான். அவரை வீட்டில் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் மைதானத்தைச் சுற்றி வந்தான்.

ஆறு மாதம் முடிந்தது. டாக்டரம்மா தாளைப் படித்தார், முன்பு எடுத்த தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். "கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு. சர்க்கரையும் வாசப்படியை விட்டு இறங்கிடுச்சு. ஆனா தெருவுலதான் நிக்குது, போகல. நடையை நிறுத்தினா திரும்ப ஏறிடும்."

"எடை அப்படியே இருக்கே டாக்டர்?"

"இருக்கட்டும். கொஞ்சம் குறைஞ்சா இன்னும் நல்லதுதான். ஆனா நீங்க நடந்த நடை உள்ளுக்குள்ள வேலை செஞ்சிருக்கு. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

ரத்தம் தேறிவிட்டது, எடை அசையவில்லை என்று கேட்டதும் முதலாளி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முழுசாக அணைக்கக் கை எட்டவில்லை. அம்மா மட்டும், "அப்போ எடை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, தாளை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

அன்றும் ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. தண்ணீர்த் தொட்டியை நெருங்கிக்கொண்டிருந்தான்.

"பாடு" என்றார் அப்பா.

பாடினான். முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது, சரணமே வந்துவிட்டது. முதல் மாதம் நாலு சொல்லுக்கு மூச்சு முட்டிய அதே தெரு, அதே வேகம். அவனுக்கே நம்ப முடியவில்லை.

"வேகத்தைக்... கூட்டு" என்றார் அப்பா.

சாட்சி நடந்தபடியே காதைக் கூர்மையாக்கினான். ஆறு மாதம் மூச்சோடு மல்லுக்கட்டியவனுக்கு நிஜ மூச்சு எது என்று தெரியாமல் போகுமா? போனுக்குள் கைத்தடி தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது, பின்னால் தெருவில் ஒரு ஹார்ன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"வீட்ல... உக்காந்திருக்கேன்."

"அப்படியா? பாடுங்க பாக்கலாம்."

அப்பா பாட ஆரம்பித்தார். மூன்றாவது சொல்லில் மூச்சு வாங்கியது.