மிளகு கறுத்த படம்

அன்று வாசலில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. மலையடிவாரத்தில் காரவள்ளிக்குக் கீழே கரும்பு வெட்டப் போனவர், நான்கு நாள் கழித்துத்தான் மலையேறுவதாகச் சொல்லியிருந்தார். அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஏழாவது. அறிவியல் என்றால் பித்து. வகுப்பில் ஆசிரியர் ஒரு படம் போட்டுக் காட்டினார். களிமண் விதை ஒன்று தானே பிளந்து, முளைவிட்டு, இலை விரித்தது. களிமண்ணைக் கொஞ்சம் மாற்றி ஒரு போட்டோ, மறுபடி மாற்றி ஒரு போட்டோ. அத்தனையையும் வேகமாக ஓட்டினால் உயிர் வந்துவிடும் என்றார். விருப்பமுள்ளவர்கள் வீட்டில் செய்து பாருங்கள் என்றும் சொன்னார். அந்த ‘விருப்பமுள்ளவர்கள்’ என்ற சொல்லை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

எங்கள் வாசலில் அந்த வருட மிளகு முழுவதும் பச்சையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதை விற்று அக்காவுக்குத் தையல் மிஷின் வாங்குவதாகப் பேச்சு. அவள் ஐந்தாவதோடு நின்று காட்டு வேலைக்குப் போனவள். செம்மேட்டில் ஒரு கடையில் மிஷினைப் பார்த்து வைத்திருந்தாள். விலை எட்டாயிரத்து ஐநூறு. மறந்துவிடாமல் இருக்கக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதியும் வைத்திருந்தாள்.

பச்சை மிளகு வெயிலில் கறுப்பதைப் படமாக்கத் தீர்மானித்தேன். அட்டைச் சூரியன் ஒன்று மிளகின் மேல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு விரலளவு விரலளவாக நகரும். அது நகர நகர மிளகு கறுக்கும். சூரியனை வட்டமாக வெட்டி மஞ்சள் பூசிக் கொடுத்தது அக்காதான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் பாடத்துக்கென்று அப்பா வாங்கிய போனை, மூங்கிலில் சட்டம் கட்டிக் கவிழ்த்துத் தொங்கவிட்டேன். நீலத் தார்ப்பாய் படத்தில் தெரிவது பிடிக்கவில்லை. மெல்லிசாகப் பரப்பியிருந்த மிளகை நடுவில் கூட்டித் தடிமனாக்கினேன்.

காயும் மிளகை அடிக்கடி காலால் கிளறிவிட வேண்டும், பனி இறங்கும் முன் அள்ளி உள்ளே வைக்க வேண்டும். மலையில் இது தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் கிளறினால் படத்தில் மிளகு குதிக்கும். அள்ளினால் படமே போச்சு.

அம்மா கால் கழுவிக்கொண்டு கிளற வந்தாள்.

“மிதிக்காதம்மா. பாடம்.”

“மொளகுலயா சாமி பாடம்?”

“சயின்ஸ் பாடம். மார்க் உண்டு.”

அக்கா முறத்தை நீட்டினாள். “ஒரு கை அள்ளி இதுல போட்டுக்கடா. பத்தாதா?”

“பத்தாது. நெறைய இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்.”

“எத்தன மார்க்கு?”

“இருபத்தஞ்சு,” என்றேன். மார்க் என்று ஒன்றும் கிடையாது.

அம்மா எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். “பாடத்தப் போயி மிதிக்கப் பாத்தனே,” என்று குனிந்து மிளகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெரியாமல் என் புத்தகத்தில் கால் பட்டாலும் அப்படித்தான் செய்வாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு முதல் போட்டோவை எடுத்தேன்.

பொழுது சாய்ந்ததும் மிளகை அள்ளவிடாமல் இன்னொரு தார்ப்பாயால் மூடச் சொன்னேன். மூடினார்கள். மூன்றாம் நாள் காலையில் வெயிலே இல்லை, மஞ்சு இறங்கி எதிர் வீடு தெரியவில்லை. தார்ப்பாயை விலக்கினால், ஓரத்தில் நூல் நூலாக வெள்ளை. பூஞ்சை என்று பார்த்ததும் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் ரொட்டியின் மேல் பார்த்திருந்தேன். உடனே அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் திரையில் அந்த வெள்ளை அவ்வளவு அழகாக இருந்தது. சூரியனை நகர்த்தி நகர்த்தி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அக்கா வந்து மூக்கைச் சுளித்தாள். “என்னடா புளிச்ச வாட வருது?”

“அப்படித்தான் வரும்.”

அப்படித்தான் வரும்போல என்று போய்விட்டாள்.

மறுநாள் அப்பா வந்தார். மிளகுக்குள் கையை விட்டார். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது.

“என்ன இது?”

“பாடமுங்க,” என்றாள் அம்மா. “இருபத்தஞ்சு மார்க்காமுங்க.”

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கையாலேயே ஒவ்வொரு கட்டியாகப் பிரித்து மறுபடி காயப்போட்டார். 

சோளக்காட்டுச் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

“ஏனுங்க, மழையுமில்ல ஒண்ணுமில்ல, பூசணம் புடிச்சதக் கொண்டாந்திருக்கீங்க?”

“பையன் பாடத்துக்கு வேணும்னானுங்க. மார்க்கு வருமாமுங்க.”

“மார்க்க நான் எந்தச் சாக்குல கட்டறதுங்க?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சாக்கின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் திட்டாததால் தப்பித்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன். அப்பா அன்று செருப்பைக் கழற்றியது எனக்குப் புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. நான்கு நாளும் அவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும், பாடம் என்று சொன்ன பிறகு அந்த மிளகில் கால் வைத்திருக்க மாட்டார்.

போன வருடம் பத்தாவது முடிந்த லீவில் பழைய போனைத் தோண்டி அந்தப் படத்தை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். முப்பத்தொரு விநாடி. வெள்ளை பரவுகிற இடத்தையும் கடைசிவரை பார்த்தாள். “சூரியன நல்லாத்தான் வெட்டியிருக்கறேன்,” என்றாள். பிறகு, “அந்த இருபத்தஞ்சு மார்க்கையும் போட்டாங்களாடா?” என்று கேட்டாள்.

போட்டார்கள் என்று சொன்னேன்.

அன்று சோளக்காட்டுச் சந்தையில் நல்ல மிளகு கிலோ ஐநூறுக்குப் போனது. எங்களுடையதை எண்ணெய்க்கென்று இருநூறுக்கு எடுத்தார்கள். முப்பது கிலோ. நட்டம் மட்டும் ஒன்பதாயிரம் ரூபாய்.