சித்தி சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் கட்டுகிற நீலச் சேலையைச் சித்தி ஒரு வேலை நாளில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. "எங்க சித்தி கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஸ்டேஷனுக்கு. நீயும் கூட வாயேன், தனியா போக வேணாம்னு பாக்குறேன்" என்றார். ரயிலடியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது போலீஸ் ஸ்டேஷனை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நானும் சித்தியும் வேலை பார்த்தோம். சூளையில் பீகாரிலிருந்து வந்த சிலர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பையா என்று கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தமாம். சொந்த ஊரில் சின்ன மகளை விட்டுவிட்டு வந்தவர். சித்தி தன் மூன்று வயது மகளை எப்போதாவது கம்பெனிக்குக் கூட்டி வந்தால், விரிசல் விட்ட பொம்மை ஒன்றைத் துடைத்து அவள் கையில் கொடுப்பார்.

அந்த மாதம் ஊரெங்கும் ஒரே பேச்சு. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறதாம். யார் வீட்டுப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. பேச்சு மட்டும் டீக்கடைக்கு டீக்கடை வளர்ந்தது. ஒரு மாலை சித்தியின் மகள் விளையாடிக்கொண்டே தெருமுனை வரை போய்த் தடுக்கி விழுந்துவிட்டாள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த பையா அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. "புள்ள புடிக்கிறவன்டா!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். "வுடுங்க, அவரு எங்க கம்பெனி ஆளு" என்று சித்தி ஓடி வந்து கதறியது யார் காதிலும் ஏறவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே பையா இறந்துபோனார்.

மறுநாள் சூளை மூட்டவில்லை. பெண்கள் நாங்கள் சோறாக்கி எடுத்துக்கொண்டு மற்ற பீகார்க்காரர்கள் தங்கியிருந்த அறைக்குப் போனோம். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. கூடவே வேலை செய்த எங்கள் குரலுக்கே பயந்தார்கள். யாரும் அவர்களை நெருங்கிவிடக் கூடாது என்று பொழுது சாயும்வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் ஃபாதர் பூசையில் கெஞ்சினார். "பாத்தவங்க வந்து சொல்லுங்க. நான் கூட வர்றேன்." கோயில் கொள்ளாத கூட்டம். ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஸ்டேஷனில் சித்திக்கு ஒரு பக்கம் ஃபாதரும் மறுபக்கம் நானும் உட்கார்ந்தோம்.

"அடிச்சவங்கள அடையாளம் தெரியுமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாதிப் பேரு எங்க தெருதாங்க."

"முதல்ல கை வச்சது யாரு?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார். "எங்க வூட்டுக்காரருங்க."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சி சொல்லும்மா."

"யோசிச்சிட்டுதான் சார் வந்தேன்."

அதன்பிறகு சித்தப்பா வீட்டுக் கதவு சித்திக்குத் திறக்கவில்லை. மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பீகார்க்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் ரயிலேறினார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எந்த நம்பிக்கையில் சொல்வது? வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தெருவே திரண்டு பார்த்த சம்பவம். ஆனால் சாட்சிக் கூண்டேறியவர்கள் எல்லாம், அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்றார்கள். சித்தி மட்டும் சொன்னதையே சொன்னார். எல்லோரும் விடுதலையானார்கள். கோர்ட்டு வாசலில் எங்களைத் தாண்டிப் போன சித்தப்பா, பெற்ற மகளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பஸ் ஸ்டாண்டில் வடநாட்டுப் பிள்ளைகள் மூட்டையோடு வந்து இறங்கிக்கொண்டேயிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சும் மாறாமல் இருக்கிறது.

சித்தியின் மகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், அதுவரை கேட்காததைக் கேட்டாள். "என்னத் தூக்கிட்டு வந்தப்ப அவரு எப்படிம்மா இருந்தாரு?"

சித்தி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சிரிச்சிக்கிட்டே வந்தாரு. உன் அழுகைய நிறுத்த என்னமோ பாடிக்கிட்டு வந்தாரு. உங்கப்பா ஓடி வர்றதப் பாத்ததும், புள்ளைய வாங்கிக்கதான் வர்றாருன்னு நெனச்சி, ரெண்டு கையாலயும் உன்ன நீட்டினாரு."