நாலாம் பாத்தியின் சாவி

வாளியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, வெப்பமானிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. பூஜ்யம் காட்டினால் அன்றைக்கு அது நல்ல வெப்பமானி. கொஞ்சம் தள்ளிக் காட்டினால் ஓரத்து டப்பாவில் போய் விழும். மற்ற இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை செய்கிற சோதனையை இவர் தினமும் காலையில் செய்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"நேத்து உண்மை சொன்னது இன்னைக்கும் சொல்லும்னு என்ன நிச்சயம்?"

முடிந்ததும் வாளியைக் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்தார். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அடுத்து என் தோள்பையைப் பார்த்தார். "உள்ள தண்ணி பாட்டில் இருக்கா? அதை இங்கயே வெச்சிட்டு வாங்க."

ஐம்பதை நெருங்கும் ஆராய்ச்சியாளர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதே அவருக்குச் சுபாவம். காய்ச்சிய பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். ஊரிலிருக்கும் கணவரிடம் போனில், "சாப்டீங்களா? என்ன சாப்டீங்க?" என்று கேட்டுவிட்டு, மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அப்பா என்ன சாப்ட்டார்?" என்று கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் அடுத்த பேச்சு.

பூமி சூடாகிக்கொண்டே போனால் இந்த மழைக்காடு என்ன ஆகும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காட்டுக்குள் நான்கு இடங்களை வேலியடைத்து, மண்ணுக்கடியில் மின்கம்பி ஓட்டி, சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலான சூட்டில் வருஷக்கணக்காக வைத்திருக்கிறார்கள். பாத்தி என்பது அவற்றுக்குப் பெயர். மூன்று பாத்திகளில் மரக்கன்றுகள் கருகிச் சுருண்டுவிட்டன. நாலாம் பாத்தியில் மட்டும், அதே சூட்டில், இடுப்பளவு வளர்ந்து பளபளவென்று நிற்கின்றன.

தலைமை அலுவலகத்தில் தலைகால் புரியவில்லை. காடு சூட்டுக்குப் பழகிக்கொள்ளும் என்று அறிவித்துவிடத் துடிக்கிறார்கள். அந்த நல்ல செய்தியை எழுதத்தான் பத்திரிகை என்னையும் அனுப்பியிருந்தது. இந்த அம்மா மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"மழை நின்னு எத்தனை வாரமாச்சு? நாலாம் பாத்தி மண்ணு மட்டும் எப்படி ஈரமா இருக்கும்? யாரோ பாவம் பாத்துத் தண்ணி ஊத்தறாங்க."

யாரோ என்றால், அவரைத் தவிர அங்கே இருப்பதே இரண்டு பேர். ஒருவர் சமையல்காரர். இன்னொருவர் மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன், சமையல்காரரின் மருமகன். "மாமனாரும் மருமகனும் இவ்வளவு ஒத்துமையா இருந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா? அதுலயே எனக்கு சந்தேகம்தான்" என்றார்.

இதைச் சமையல்காரரிடம் சொன்னேன். அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் வந்தது. "எம் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு சந்தேகப்பட்டதில்ல சார். அவளுக்காவது காரணம் இருந்துச்சு."

மறுநாள் அம்மா சாயப்பொடிகளோடு வந்தார். நாலாம் பாத்தி மண்ணில் வெள்ளைத் துணிக் கீற்றுகளைப் புதைத்தார். சமையலறைக் கழுவு தண்ணீருக்குச் சிவப்பு. எலெக்ட்ரீஷியன் கைகழுவும் பீப்பாய்க்கு நீலம். யாருடைய தண்ணீர் பாத்திக்குப் போகிறதோ அந்த நிறம் துணியில் ஏறிவிடும். சமையலறையிலும் பீப்பாயிலும் கலக்கிவிட்டு, என் குளியலறைத் தொட்டிப் பக்கம் நகர்ந்தார். நான் பதறிப்போய், நேற்றுத்தானே வந்தேன் என்றேன்.

"இதுக்கு முன்னாடி வந்ததில்லன்னு என்ன சாட்சி?"

எனக்குப் பச்சை. இதை எழுதும்போதும் என் காது மடலில் அது கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அவர்மேல் எனக்கு எரிச்சல்தான் இருந்தது, அன்று மாலை வரையில். நாலாம் பாத்தி வேலிக்கு வெளியே தனியாக நின்று, கம்பி இடுக்கில் விரலை விட்டு ஓர் இலையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இது நிஜமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? எங்கிட்ட எம் பொண்ணு எப்பவும் கேட்பா, காடு பொழைக்குமாம்மான்னு. ஒரு தடவையாவது பொழைக்கும்னு சொல்லலாம்."

"அப்புறம் என்னம்மா, நம்பிட்டுப் போங்களேன்."

"எனக்கு வேணுங்கறது அப்படியே நடக்குது. அதான் பயமா இருக்கு."

மூன்றாம் நாள் எல்லோரையும் நிற்கவைத்துத் துணிகளைத் தோண்டி எடுத்தார். நல்ல ஈரம். மண்கறையைத் தவிர வேறு நிறமே இல்லை. கீற்றுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். சமையல்காரருக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என் தண்ணி சிவப்பு, மாப்பிள்ளை தண்ணி நீலம், சாரோடது பச்சை. மிச்சம் யாரும்மா? நீங்கதான்!"

வெறும் கோபத்தில் சொன்ன வார்த்தை அது. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். அது சரிவின் மேல்விளிம்பில் இருக்கிறது. அதன் முதுகுக்கு நேர்கீழே நாலாம் பாத்தி.

புதிய துணிகளைப் புதைத்தார். மேலே போய், காலையில் சோதனை முடிந்தும் இன்னும் கவிழ்க்காமல் வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் மஞ்சள் சாயம் கலக்கி, வழக்கமான இடத்தில் கவிழ்த்தார். தண்ணீர் உதிர்ந்த இலைகளுக்கடியில் நுழைந்து காணாமல் போயிற்று. சாயங்காலம் தோண்டியபோது துணியெல்லாம் மஞ்சள்.

வெப்பமானிகளை நம்பாமல் தினமும் ஒரு வாளி. அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் வருஷக்கணக்காகக் கன்றுகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சோதித்திருந்தால் அவையும் எப்போதோ கருகியிருக்கும். என் கட்டுரை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

எங்கள் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். "நாலாம் பாத்தி செல்லாது. கணக்குலேருந்து எடுத்துடுங்க. தண்ணி ஊத்தினது நான்தான்." எதிர்முனையில் சமாதானம் சொன்னார்கள் போலிருக்கிறது. "தெரியாம ஊத்தினாலும் தண்ணி தண்ணிதானே?" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வாளி இனிமேல் ஓடைக்கரைக்குப் போய்விடும். பாத்திக்கு ஒரு சொட்டும் இறங்காது. கன்றுகள் என்ன ஆகின்றன என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும். என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. மற்ற மூன்று பாத்திகளையும்தான் பார்த்திருந்தேனே.

நான் கிளம்பிய காலையில், இடுப்பு வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிச் சமையல்காரரிடம் நீட்டினார். "நாலாம் பாத்தி வேலிச் சாவி. உங்ககிட்டயே இருக்கட்டும். உள்ள போய் அளவெடுக்கறதை மாப்பிள்ளை பாத்துக்கட்டும்."

"என்கிட்டயா? இத்தனை நாளா என்மேலதானேம்மா சந்தேகம்?"

"இப்ப என்மேல. அதுங்க வாட ஆரம்பிச்சா நான் சும்மா இருப்பேன்னு எனக்குத் தோணல. கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதீங்க."

சமையல்காரர் கையை நீட்டினார். அம்மா சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு அந்த மூடிய கையைப் பிடித்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.