ராணியின் வயிற்றில் இருந்தது

எங்கள் நாய் ராணி சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் ஸ்கேன் கிடைக்காததால், பக்கத்து வீட்டு மாமாவின் ஆட்டோவில் கடலூருக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா ராணியின் வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி, கருவியை மெதுவாக நகர்த்தினார். திரையில் குடல் ஓரிடத்தில் உப்பியிருந்தது. அதற்குக் கீழே ஒரே கறுப்பு நிழல்.

"குடல்ல ஏதோ அடைச்சிருக்கும்மா. ஸ்பாஞ்சா இருக்கலாம். நாய்ங்களைக் கொல்றதுக்குன்னே சிலபேரு கறிக்குழம்புல ஊறவச்சுப் போடுறாங்க" என்றார்.

"யாரு டாக்டர் அப்படிப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

ராணியின் தலையைப் பிடித்திருந்த மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான்தாம்மா போட்டேன். ராத்திரியெல்லாம் குலைக்குது, தூங்க முடியல. இவ்ளோ அவஸ்தைப்படும்னு நெனைக்கல."

அப்போதும் ராணி அவர் கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் செய்தார்கள். ஸ்பாஞ்சுதான். குடல் அழுகிப்போயிருந்ததால் அவள் பிழைக்கவில்லை. செத்த நாயை ஏற்ற வேறு எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்காததால், அவர் வண்டியிலேயே திரும்பி வந்தேன்.

இன்றும் தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்கிறேன். பக்கத்து வீடாயிற்றே, கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று என் மனம் ஒரு நாளும் நினைத்ததில்லை.