அத்தையின் மூக்கில் விழுந்த குத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். குடும்பத்துப் பேச்சு வெளியே போகுமே என்ற பயம். போன மாதம் அத்தையே, "எழுதுடி, இனிமே என்னைய யாரு பொண்ணு பாக்க வரப் போறாக?" என்று சிரித்துவிட்டதால், அம்மனைக் கும்பிட்டு எழுதுகிறேன்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்பாவின் தங்கையான அத்தை காரைக்குடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே சிலம்பம் சுற்றியவர். கல்லூரியில் குத்துச்சண்டையில் சேர்ந்ததும் பயிற்சியாளர், "கம்பைக் கீழ போடு, காலை மட்டும் அப்படியே வச்சுக்கம்மா" என்றாராம். சிலம்பத்தில் கம்பு மேலே பட்டுவிட்டால் போச்சு. அதனால் எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்தே விலகிவிடுவது அத்தைக்குப் பழக்கம்.

மாவட்டப் போட்டி ஒரு சனிக்கிழமை. மறுநாள் கண்டரமாணிக்கத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பும் கிடையாது, குத்துச்சண்டையும் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கோ நல்ல இடம் தட்டிப் போய்விடக் கூடாது என்ற கவலை.

"மூஞ்சியில ஒரு கீறல் இல்லாம வரணும், சொல்லிட்டேன்."

"கம்பே பட்டதில்லண்ணே. கையி பட்டுருமா?"

சொன்னபடியே முதல் இரண்டு சுற்றிலும் அத்தை மேல் ஒரு குத்துகூட விழவில்லை. எதிரே நின்ற பெண் கை ஓங்குமுன் அத்தை நகர்ந்திருப்பார். போகிற போக்கில் இரண்டு குத்து வைத்துவிட்டு மறுபடி விலகிவிடுவார். பின்னாலிருந்து ஒருவர், "ஏத்தா, சண்டைக்கு வந்தியா, கும்மியடிக்க வந்தியா?" என்று கத்தினார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அந்தப் புள்ள காத்தைத்தான் குத்துது பாரு!" என்று என் தொடையில் தட்டினார்.

கடைசிச் சுற்று முடியப் போகிற நேரம். அந்தப் பெண்ணின் தோள் அசைந்தது எனக்கே தெரிந்தது. அத்தை நகரவில்லை. கையையும் இறக்கினார். குத்து நேரே மூக்கில்.

ஆனாலும் நடுவர் அத்தையின் கையைத்தான் தூக்கினார். அப்பா கோப்பையைப் பார்க்கவேயில்லை. குழிப்பணியாரமாய் உப்பிக்கொண்டிருந்த மூக்கையே பார்த்தார். பிறகு வெளியே போய் செல்போனில், "தங்கச்சி காய்ச்சலாக் கெடக்கா... ஒரு வாரம் கழிச்சு வாரீகளா?" என்று குழைந்தார். அந்த ஒரு வாரத்துக்குள் அவர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"அத்தை, அந்தக் குத்து வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுச்சே."

"அப்பறம் ஏன் நகராம நின்னீக?"

"கால் வலிச்சுச்சுடி" என்று சிரிக்கப் போய், வலியில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. அத்தை முகத்தில் அடிபடக் கூடாதென்று அன்று காலை கொப்புடையம்மன் சந்நிதியில் உருகி வேண்டியிருந்தேன். அம்மன் ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு வாரம் குங்குமம் வைக்காமல் கோபித்துக்கொண்டேன். சந்நிதியில் என் பக்கத்தில் அத்தையும்தான் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். இரண்டு பேரும் ஒன்றைத்தான் வேண்டினோம் என்று நினைத்திருந்தேன்.

படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அத்தை தோற்றதாக மாற்றிவிடாதீர்கள். மூக்கு வீங்கியதையும் இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.