டயர் பஞ்சரான நாளில் விற்ற கார்

சங்கரன்கோவிலில் பெண்ணாக நான் தனியே பழைய கார் வியாபாரம் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டே கார்கள். வருகிறவர்கள் எல்லோரும், "முதலாளி எங்கம்மா?" என்பார்கள். நான்தான் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒரு நாள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். காரை ஓட்டிப் பார்க்கட்டும் என்று நானும் கூடவே போனேன். ஊரைத் தாண்டியதுமே பின் டயர் பஞ்சராகிவிட்டது. இந்த வியாபாரமும் போயிற்று என்று நினைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜாக்கி வைத்து நானே டயரை மாற்றத் தொடங்கினேன். உதவ வந்த கணவரை, "விடுங்க, அவுகளே பாத்துக்கிடுவாக" என்று அந்த அம்மா தடுத்துவிட்டார்.

முடித்ததும், "நாலும் புது டயர் போட்டுத் தாரேன், அண்ணாச்சி" என்றேன்.

"டயர் கெடக்கட்டும்மா. நாளைக்கு வண்டி நடுவழியில நின்னாலும் நீங்க வந்து பாப்பீகன்னு தெரிஞ்சுபோச்சு. இதையே எடுத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

அதன் பிறகு அவர் சொல்லி அந்த ஊரிலிருந்தே ஒவ்வொருவராக வந்தார்கள். இன்று இடம் போதாமல் பக்கத்து மனையையும் வாடகைக்குப் பிடித்துக் கார்களை நிறுத்தியிருக்கிறேன். அன்று டயர் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் காரை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.