கோலப்பன் அண்ணாச்சியும் ரெண்டு விலைப்பெட்டியும்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்துல எங்க கம்பெனியில 'வேண்டாம்'னு சொல்லத் தெரியாத ஆளு ஒருத்தருதான். கோலப்பன் அண்ணாச்சி. நாரோயில்காரரு, கரமனையில வாடகை வீடு. சாப்ட்வேரைச் சோதிச்சுப் பார்க்குறதுதான் வேலை. ஆனா எதை நீட்டினாலும், நல்லாயிருக்குன்னு மலையாளத்துல "கொள்ளாம்"னுவாரு. பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு இந்த எலிசாள் எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டிருப்பேன்!

நாங்க செஞ்சது பங்குத் தரகருங்களுக்கான சாப்ட்வேர். அதுல ஓடுற விலையை வேற ஒரு கம்பெனி மும்பைச் சந்தையில இருந்து எடுத்து அப்பப்ப அனுப்பணும். அண்ணாச்சி 'கொள்ளாம்'னு பிடிச்ச கம்பெனி நாலு நிமிஷம் பழைய விலையை அனுப்பிச்சு. தரகருங்க போன்ல கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. முதலாளி விஜய்குமார் சார் அதை நிறுத்திட்டு, "ரெண்டு கம்பெனி காட்ட வருது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைச் சொல்லும். இதுவும் சொதப்பினா நீர் வேற வேலை பார்த்துக்கும்"னுட்டாரு. ரெண்டு பொட்டப்பிள்ளைகளை வச்சிருக்க மனுஷன்.

2005 செப்டம்பர் அது. புதன்கிழமை வீட்டுல விசேஷம்னு அண்ணாச்சி லீவு கேட்டாரு. "ஓணத்துக்கு எடும்"னாரு சார்.

முதல் கம்பெனிக்காரன் செவ்வாய்க்கிழமை சந்தை மூடின பிறகு வந்து விலை காட்டுற பெட்டியை மாட்டிட்டுப் போயிட்டான். புதன்கிழமை காலையில போட்டா, முந்தின நாள் விலை அப்படியே நிக்குது. பதினொரு மணியாச்சு. ஒரு எண்ணு அசையணுமே!

"அண்ணாச்சி, இது செத்துப்போச்சு. அடக்கம் பண்ணிரலாம்"னேன்.

அடுத்து ரெண்டாவது கம்பெனியில இருந்து டை கட்டின எர்ணாகுளத்துக்காரரு வந்தாரு. "இப்ப ஓடுற விலை"ன்னு லேப்டாப்பைத் திறந்தாரு. பச்சையும் சிவப்புமா ஒரே குதியாட்டம். சார் கையே தட்டிட்டாரு. "இதை எடுத்துருவோம், என்னவே?"

"சாப்பிட்டுட்டுச் சொல்லுதேன் சார்"னு அண்ணாச்சி டிபன் பாக்ஸைத் திறந்தாரு. உள்ளே கொழுக்கட்டை. விருந்தாளிக்குத்தான் முதல்ல நீட்டினாரு.

"எந்தா விசேஷம்?" எர்ணாகுளத்துக்காரரு ஒண்ணை வாயில போட்டாரு.

"இன்னைக்குப் பிள்ளையார் சதுர்த்தில்லா..." அண்ணாச்சி மெல்லுறதை நிறுத்திட்டாரு. "மும்பையில இது பெரிய திருநாளாச்சே சார். சந்தைக்கு லீவுல்லா இருக்கும்?"

பங்குச் சாப்ட்வேர் செய்யுதோமே தவிர, ஒரு பயலும் ஒரு பங்கு வாங்கினதில்லை. சுவத்துல தொங்கினது கேரளா லீவுப் பட்டியல். சார் ஒரு தரகருக்குப் போன் போட்டாரு. லீவேதான்! லேப்டாப்புல விலை இன்னும் குதிச்சுக்கிட்டிருந்தது.

"அது... பழைய ரெக்கார்டிங்..." எர்ணாகுளத்துக்காரருக்குக் கொழுக்கட்டை தொண்டையில நின்னுட்டு. நான்தான் தண்ணி குடுத்தேன்.

"இது வேண்டாம் சார்"னாரு அண்ணாச்சி. அவரு வாயில இருந்து அந்த வார்த்தை வந்ததை அன்னைக்குத்தான் கேட்டேன். "சந்தை சும்மா கிடக்கும்போது சும்மா கிடந்தது அந்த முதல் பெட்டிதான். நாளைக்கு ஓடுதான்னு பார்ப்போம்."

வியாழக்கிழமை காலை ஒம்பது அம்பத்தஞ்சு. சந்தை திறந்ததும் நான் அடக்கம் பண்ணச் சொன்ன பெட்டியில ஒரு எண்ணு அசைஞ்சது. அப்புறம் எல்லாம் ஓட ஆரம்பிச்சிட்டு. தரகரு போன்ல விலையை வாசிக்க வாசிக்க, அண்ணாச்சி திரையில சரிபார்த்தாரு. அச்சாப் பொருந்திச்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

"என்ன வேணும், கேளும்வே"ன்னாரு சார்.

"சந்தைக்கே லீவு, எனக்கு இல்லையே சார். அடுத்த சதுர்த்திக்காவது தாங்க."

சார் சிரிச்சிட்டாரு. "கொள்ளாம்."